மே மாதப் பாலை வைத்து மாட்டைத் தேர்ந்தெடுங்கள்: எச்.எஃப்., ஜெர்சி, கிர், முர்ரா

சித்திரை பிறந்தால் போதும், எனக்கு ஒரே மாதிரியான கேள்விதான் வரும். "ரெண்டு எச்.எஃப். கலப்பு வச்சிருக்கேன். தை மாசம் ஃபேட் 3.7 வந்துச்சு, இப்போ 3.4. எஸ்.என்.எஃப். எட்டைத் தாண்டவே மாட்டேங்குது. வித்துட்டு ஜெர்சி வாங்கிடலாமா? இல்ல, நாட்டு மாட்டுக்கே போயிடலாமா?" (எச்.எஃப். என்பது ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்; அதுவும் ஜெர்சியும் வெளிநாட்டு இனங்கள். கிர் நம் நாட்டு மாடு, முர்ரா எருமை. ஃபேட் என்றால் கொழுப்பு, எஸ்.என்.எஃப். என்றால் கொழுப்பு நீங்கலான திடப்பொருள்.) கேட்பவர் ஈரோட்டுக்காரராக இருப்பார், கரூர்க்காரராக இருப்பார், சில சமயம் கடலூரிலிருந்தும் கேட்பார்கள். எருமை வாங்கலாமா என்று ஒருவராவது சேர்த்துக் கேட்பார்.

மாட்டை மாற்றுவது, கொட்டகையை மாற்றுவது, சினை ஊசியை மாற்றுவது என்று மூன்று வழி இருக்கிறது. பெரும்பாலானவர்கள் முதல் வழியை மட்டும்தான் யோசிக்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும், வெயில் பாலில் எதைக் குறைக்கிறது என்று தெரியாமல் காசு போட வேண்டாம்.

## வெயிலில் பாலுக்கு என்ன ஆகிறது

மதியம் மூன்று மணிக்கு சிமெண்ட் ஷீட் போட்ட கட்டுத்தரைக்குள் போய்ப் பாருங்கள். எச்.எஃப். கலப்பு படுக்காமல் நின்றுகொண்டே இருக்கும். வாயிலிருந்து எச்சில் நூல் நூலாகத் தொங்கும். முன்னால் வெட்டிப் போட்ட கோ-4 புல் போட்டபடியே வாடிக் கிடக்கும். ஆனால் புண்ணாக்குத் தண்ணியைக் காட்டினால் ஒரே மூச்சில் உறிஞ்சிவிடும்.

கொழுப்பு இறங்குவதற்கான காரணம் இந்தக் காட்சியிலேயே இருக்கிறது. புல்லும் சோளத்தட்டும் முதல் வயிற்றில் புளித்து அசிட்டிக் அமிலமாகின்றன. பால் கொழுப்பில் ஏறக்குறைய பாதியை மடி இந்த அமிலம் போன்றவற்றிலிருந்துதான் செய்கிறது. நார்த்தீவனம் வயிற்றில் செரிக்கும்போது உடம்பில் சூடு கூடும். அதனால் வெயில் ஏறினால் மாடு முதலில் ஒதுக்குவது நாரைத்தான். அடர்தீவனம் மட்டும் உள்ளே போனால் வயிற்றில் அமிலம் ஏறும். அதைச் சமன் செய்ய வேண்டிய எச்சில் தரையில் ஒழுகிக்கொண்டிருக்கிறது. மூச்சிரைக்கும்போது கரியமில வாயு அதிகமாக வெளியேறுவதால் இரத்தத்தில் காரம் கூடுகிறது. சிறுநீரகம் அதைச் சரிசெய்யப் பைகார்பனேட்டை, அதாவது சோடா உப்பை, வெளியே தள்ளுகிறது. வயிற்றுக்குப் போக வேண்டிய சோடா உப்பு இப்படி இரண்டு வழியாகவும் வீணாகிறது.

தீவனம் குறைவதால்தான் பால் குறைகிறது என்று பல காலம் நம்பியிருந்தோம். பால் குறைவில் பாதியைத்தான், சில சமயம் அதற்கும் குறைவான பங்கைத்தான், தீவனத்தின் மேல் போட முடியும். மீதி உடம்பின் வேலை. பட்டினியில் மாடு தன் உடம்புக் கொழுப்பைக் கரைத்துப் பால் தரும். வெயிலில் இன்சுலின் ஏறிவிடுவதால் அப்படிக் கரைப்பதில்லை. மடிக்கு வர வேண்டிய சர்க்கரையை உடம்பே எடுத்துக்கொள்கிறது. வெயில் அடித்து ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் பால் இறங்கும். "நேத்து மழை வந்து குளுந்துதே, இன்னிக்கு ஏன் குறையுது" என்று குழம்புவது இதனால்தான்.

நாம் ஃபேட்டைத் திட்டிக்கொண்டிருக்கிறோம். ஆனால் கோடையில் தவறாமல் இறங்குவது புரதம், அதிலும் கேசீன். பாலின் அளவும் சேர்ந்தே குறைவதால் சில மாடுகளில் கொழுப்புச் சதவீதம் அப்படியே நிற்கும், ஒன்றிரண்டில் ஏறக்கூடச் செய்யும். புரதத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. எஸ்.என்.எஃப். என்பதே புரதம், லாக்டோஸ் (பால் சர்க்கரை), தாது உப்பு மூன்றும் சேர்ந்த கணக்கு. அதனால்தான் பாலின் அடர்த்தியைக் காட்டும் 'டிகிரி' இறங்குகிறது. லாக்டோமீட்டரில் பார்க்கிற இடம் என்றால் இன்னொன்றும் உண்டு. சூடான பாலில் அளவு குறைத்துத்தான் காட்டும், வெப்பநிலைக்குத் திருத்தம் போட்டாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்து ஒரே எண்ணாக்குகிற குறியீடு ஒன்று இருக்கிறது. அது 72-ஐத் தாண்டினால் கறவை மாடு திணறும் என்பது பழைய கணக்கு. நிறையக் கறக்கும் மாட்டுக்கு 68 என்று இப்போது சொல்கிறார்கள். 39 டிகிரி வெயில், 30 சதவீத ஈரப்பதம் என்றால் குறியீடு 85. இது கரூர்ப் பக்கத்து மதியம். 34 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 70 என்றால் 87. இது கடலூர்ப் பக்கத்து மதியம். "எங்க ஊர்ல அவ்வளவு வெயில் இல்லைங்க" என்று கடலோரத்துக்காரர்கள் சொல்லும்போது நான் நம்புவதில்லை. 25 டிகிரியும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள இரவுகூட 75-க்குக் கொஞ்சம்தான் கீழே. பகலில் ஏறிய சூட்டை இறக்க மாட்டுக்கு இரவுதான் உண்டு, அதுவும் போய்விட்டால் கஷ்டம்தான்.

## பரம்பரை எவ்வளவு தூரம் கைகொடுக்கும்

மாட்டுக்கு மாடு பாலின் அளவு வேறுபடுவதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரைதான் பரம்பரை. மற்றதெல்லாம் தீவனமும் பராமரிப்பும். கொழுப்பு, புரதச் சதவீதத்தில் பரம்பரையின் பங்கு ஏறக்குறைய பாதி. அதனால் தீவனத்தைக் கூட்டி லிட்டரை ஏற்றலாம், 3.6 மாட்டை 4.6 மாடாக்க முடியாது.

டிஜிஏடி1 என்று ஒரு மரபணு உண்டு. கொழுப்புச் சதவீதத்தில் அதன் பங்கு பெரியது என்று 2002-ல் தெரிந்தது. அதில் ஒரு வடிவம் கெட்டிப் பாலையும் மற்றது லிட்டர் அதிகமான நீர்த்த பாலையும் தரும். எச்.எஃப். இனத்தில் இரண்டும் கலந்திருக்கும். நம் திமில் மாடுகளிலும் எருமையிலும் கிட்டத்தட்ட எல்லாமே கெட்டிப்பால் வடிவம்தான், ஜெர்சியிலும் அதுவே அதிகம்.

வெயிலைத் தாங்கும் குணமும் பரம்பரைதான். ஆனால் நிறையக் கறக்கும் குணத்துக்கும் அதற்கும் ஒத்துப்போகாது. ஒன்றைத் தேடிப் பொறுக்கினால் மற்றது மெல்லக் கழன்றுவிடும். கரீபியன் தீவுகளின் செனபோல் இனத்தில் முடி ஒட்ட வெட்டியது போல ஆக்குகிற ஒரு மரபணு இருக்கிறது. புவேர்ட்டோ ரிக்கோவில் எச்.எஃப். மாட்டிலேயே அது உண்டு, அந்த மாடுகள் கோடையில் குளுமையாக நிற்கின்றன. நம் ஊர்ச் சினை ஊசிக்காரர் பெட்டியில் அதைத் தேட வேண்டாம்.

## எதை வைத்து எடை போடுவது

சந்தையில் எல்லோரும் கேட்பது "எத்தனை லிட்டர்?" நான் கேட்பது இவை:

- மே மாதம் எத்தனை லிட்டர்?
- அதில் கொழுப்பு எத்தனை கிராம், எஸ்.என்.எஃப். எத்தனை கிராம்? சதவீதம் தனியாகச் சொன்னால் ஏமாற்றும்.
- ஒரு ஈத்துக்கும் அடுத்த ஈத்துக்கும் எத்தனை மாதம்? கோடையில் சினை பிடிக்காமல் போன ஒவ்வொரு முறையும் 21 நாள் தீவனம் தண்டம்.
- தண்ணீர், கரண்ட், மருந்து என்ன ஆகும்?
- பாலை யாருக்கு ஊற்றுகிறீர்கள்? சொசைட்டிக்கா, வீடுகளுக்கா, டீக்கடைக்கா, நெய்க்கா?

கீழே உள்ள அட்டவணை கணக்குக்காக நான் போட்ட மாதிரி எண்கள். சுமாராகக் கவனிக்கிற கட்டுத்தரை, ஈன்று மூன்று நான்கு மாதமான மாடு, லிட்டரைக் கிலோவாகவே வைத்திருக்கிறேன். உங்கள் பால் புத்தகத்து எண்களைப் போட்டு நீங்களே இன்னொரு முறை கணக்குப் பாருங்கள்.

| | எச்.எஃப். கலப்பு | ஜெர்சி கலப்பு | கிர் | முர்ரா |
|---|---|---|---|---|
| டிசம்பர் பால் (லிட்டர்) | 12 | 9 | 6.5 | 7 |
| டிசம்பர் கொழுப்பு / எஸ்.என்.எஃப். % | 3.7 / 8.4 | 4.6 / 8.7 | 4.6 / 8.8 | 7.0 / 9.2 |
| டிசம்பர் கொழுப்பு (கிராம்) | 444 | 414 | 299 | 490 |
| மே பால் (லிட்டர்) | 9 | 8 | 6 | 5.5 |
| மே கொழுப்பு / எஸ்.என்.எஃப். % | 3.4 / 8.0 | 4.4 / 8.5 | 4.5 / 8.6 | 6.9 / 9.0 |
| மே கொழுப்பு (கிராம்) | 306 | 352 | 270 | 380 |
| மே எஸ்.என்.எஃப். (கிராம்) | 720 | 680 | 516 | 495 |

கிலோ கொழுப்புக்கு 350 ரூபாய், கிலோ எஸ்.என்.எஃப்.புக்கு 260 ரூபாய் என்று வைத்துப் பார்ப்போம். டிசம்பரில் எச்.எஃப். நாளுக்கு 417 ரூபாய், ஜெர்சி 348. மே மாதம் எச்.எஃப். 294, ஜெர்சி 300. அதாவது எழுபது ரூபாய் முன்னால் நின்ற மாடு வெயிலில் ஆறு ரூபாய் பின்னால் போகிறது. அதுவும் தரக்குறைவுக்குப் பிடித்தம் போடாமல் இருந்தால்தான். பசும்பாலுக்கு இந்தியத் தரம் கொழுப்பு 3.2, எஸ்.என்.எஃப். 8.3. மே மாத எச்.எஃப். பால் முதல் கோட்டைத் தாண்டிவிட்டது, இரண்டாவதில் மாட்டிக்கொண்டது.

## எச்.எஃப். கலப்பை வைத்துக்கொண்டு கொட்டகையைச் சரிசெய்வது

என் ஓட்டு பலருக்கும் இதற்குத்தான். ஆண்டு முழுக்கப் பார்த்தால் லிட்டர் இதில்தான். மே மாத இழப்பில் ஒரு பகுதியை மீட்டாலே ஜெர்சியைத் தாண்டிவிடும்.

செய்ய வேண்டியதில் முதலாவது கூரை. ஷீட்டின் மேல் தென்னங்கீற்றைப் போடுங்கள், முடியாவிட்டால் வெள்ளையடியுங்கள். பக்கச்சுவரை மாட்டின் வயிற்று உயரத்துக்கு மேல் எழுப்பாதீர்கள், காற்று உள்ளே வரட்டும். அடுத்தது தண்ணீர். நாளுக்கு மூன்று முறை தண்ணி காட்டுவது கோடைக்குப் பற்றாது, தொட்டி எப்போதும் எட்டும் இடத்தில் நிழலில் இருக்க வேண்டும். வெயிலில் கிடக்கும் கருப்புக் குழாயிலிருந்து வரும் தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள், நீங்களே குடிக்க மாட்டீர்கள். புல்லையும் தட்டையும் விடியற்காலையிலும் இரவு எட்டு மணிக்கு மேலும் போட்டால், பகலில் ஒதுக்கியதைத் தின்னும். சோடா உப்பும் தாது உப்புக் கலவையும் எவ்வளவு என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர் தெளிப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மாட்டின் முதுகு நன்றாக நனைய வேண்டும், பிறகு மின்விசிறிக் காற்றில் காய வேண்டும், மறுபடி நனைய வேண்டும். புகை மாதிரி தெளிக்கும் கருவி கரூர் மாதிரி வறண்ட ஊருக்குச் சரி. கடலோரத்தில் அது ஈரப்பதத்தை ஏற்றிவிட்டு மாட்டை இன்னும் வேக வைக்கும்.

மறைந்திருக்கும் செலவு கரண்ட் பில் மட்டுமில்லை. தரை எப்போதும் ஈரமாக இருந்தால் மடி நோய் வரும். வீக்கம் எதுவும் வெளியே தெரியாத மடி நோயே லாக்டோஸையும் கேசீனையும் குறைத்துவிடும். எஸ்.என்.எஃப்.பை ஏற்றப் போய் எஸ்.என்.எஃப்.பை இறக்கிய கதைகளை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீர் வடிய வழி செய்யாமல் தெளிப்பான் வாங்காதீர்கள்.

அப்புறம், வற்றிய சினை மாடு. "கறக்காத மாடுதானே" என்று அதைக் கொண்டுபோய் வெயிலில் வேலியோரம் கட்டுவோம். ஈனுவதற்கு முந்தைய இரண்டு மாதம் வெயிலில் வெந்த மாடு அடுத்த ஈத்து முழுக்கக் குறைவாகக் கறக்கும். அந்த வயிற்றுக் கிடாரி வளர்ந்து கறக்கும்போதும் அதன் பாதிப்பு தெரியும் என்கிறார்கள் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஆய்வு செய்தவர்கள். கொட்டகையில் ஒரு நல்ல நிழல்தான் இருக்கிறது என்றால் நான் அதில் பாதியை வற்றிய மாட்டுக்குக் கொடுப்பேன்.

இது யாருக்கு: வற்றாத கிணறோ போரோ உள்ளவர்களுக்கு, கறந்தவுடன் பாலை ஊற்ற இடம் பக்கத்தில் உள்ளவர்களுக்கு. நீலகிரி மாதிரி மலைப்பகுதி என்றால் யோசிக்கவே வேண்டாம். மலைக்கு எச்.எஃப்., சமவெளிக்கு ஜெர்சி என்பதுதான் தமிழ்நாட்டு இனப்பெருக்கக் கொள்கையின் அடிப்படையும்.

## ஜெர்சி கலப்புக்கு மாறுவது

உடம்பு சின்னது, தீவனம் குறைவு, கொழுப்பு அதிகம், வெயிலில் இறக்கமும் குறைவு. எங்கள் கணக்கில் மே மாதம் எச்.எஃப். தன் கொழுப்பில் 31 சதவீதத்தை இழந்தது, ஜெர்சி 15 சதவீதத்தை. தண்ணீர் கஷ்டமான ஊரில் சொசைட்டிக்கு ஊற்றுகிறவர்களுக்கு இதுதான் சரியான மாடு.

ஆனால் வீட்டுக்கு வீடு லிட்டர் கணக்கில் ஊற்றுகிறவருக்கு அந்தக் கொழுப்புக்குத் தனியாகக் காசு கிடைக்காது. "உங்க பால் கெட்டியா இருக்குங்க" என்ற பாராட்டுதான் கிடைக்கும். ஈன்றவுடன் வரும் பால் காய்ச்சல் என்ற கால்சியம் குறைபாட்டு நோயும் ஜெர்சி ரத்தத்தில் கூடுதல். சந்தையில் செம்மறை நிறத்தைப் பார்த்து ஜெர்சி என்று வாங்குவதும் ஆபத்து. நிறத்தை வைத்து அந்நிய ரத்தம் 50 சதவீதமா 80 சதவீதமா என்று சொல்ல முடியாது. 80 சதவீத ஜெர்சி, 50 சதவீத எச்.எஃப்.பை விட வெயிலில் மோசமாகத் திணறலாம்.

## கிர், சாகிவால்

கிர், சாகிவால் போன்ற நம் திமில் மாட்டுக்கு வியர்வைச் சுரப்பி பெரிது, நெருக்கமாகவும் இருக்கும். முடி வழுவழுவென்று குட்டை. சும்மா நிற்கும்போது உடம்பில் உண்டாகும் சூடும் குறைவு. உண்ணி அதிகம் ஏறாது. மே மாதமும் டிசம்பரும் இதற்கு ஏறக்குறைய ஒன்றுதான். அட்டவணையில் அது தெளிவாகத் தெரிகிறது. நான்கில் மொத்தக் கொழுப்பு கிராம் கணக்கில் இதில்தான் குறைவு என்பதும் தெரிகிறது.

முதல் ஈத்துக்கே மூன்றரை, நான்கு வயதாகிவிடும். கலப்பினம் அதற்குள் இரண்டாவது ஈத்துக்கு வந்திருக்கும். கன்று பக்கத்தில் இல்லாவிட்டால் பல மாடுகள் பாலை விடுவதில்லை. கன்றைக் கடைசியில் ஊட்ட விட்டால் இன்னொரு இழப்பு. முதலில் பீய்ச்சும் பால் தண்ணீர் மாதிரி இருக்கும், கடைசியில் வருவதில்தான் கொழுப்பு அடர்த்தி. நெய்யைக் கன்றுக்குக் கொடுத்துவிட்டு மோரைச் சொசைட்டிக்குக் கொண்டுபோவது மாதிரி அது. கன்றை முதலில் விட்டுச் சொரக்க வைத்து, ஒரு காம்பை அதற்கென்று ஒதுக்குங்கள்.

ஏ2 பால் என்று இரட்டை விலைக்கு விற்கலாம் என்று சொல்லி விற்கிறார்கள். ஏ2 என்பது பால் புரதமான கேசீனில் ஒரு வகை, அது நம் மாடுகளில் பெரும்பான்மை என்பது உண்மை. எருமைப் பாலும் ஏ2தான், எச்.எஃப். மாடுகளிலும் பல ஏ2தான். 2024 ஆகஸ்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஏ1, ஏ2 என்று உறையில் போடக்கூடாது என்று சொல்லி, சில நாளிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த ஒரு எழுத்தை நம்பிக் கடன் வாங்காதீர்கள். நகரத்தில் நேரடி வாடிக்கையாளர் ஏற்கனவே இருந்தால், அல்லது ஆள் இல்லாமல் இரண்டு மாட்டைக் குறைந்த செலவில் வைத்திருக்க வேண்டுமென்றால் கிர் சரி.

காங்கேயம் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: அது உழவுக்கும் பாரத்துக்கும் வளர்ந்த மாடு. ஆசைக்கு வையுங்கள், பால் தொழிலுக்கு வேண்டாம்.

## முர்ரா எருமை

கிராம் கணக்கில் கொழுப்பு இதில்தான் அதிகம். ஆவின் 2023 டிசம்பரில் கொள்முதல் விலையை உயர்த்தியபோது பசும்பாலுக்கு 38 ரூபாய், எருமைப் பாலுக்கு 47 ரூபாய் வைத்தது. நெய், கோவா, டீக்கடை என்றால் எருமைக்கு நிகரில்லை.

எருமை வெயிலுக்கு ஆகும் என்று நினைப்பது தவறு. கருப்புத் தோல் வெயிலை வாங்கும், வியர்வைச் சுரப்பியோ மிகவும் சொற்பம். குட்டையில் புரண்டால்தான் அதற்கு நிம்மதி. குளம் வற்றிய ஊரில் எருமை வைத்தால், தினமும் இரண்டு முறை பைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியது நீங்கள்தான். கோடையில் சினைப்பருவம் வெளியே தெரியாது. கத்தாது, தாண்டாது. விட்டுப்போன பருவங்களைக் கூட்டினால் ஈத்து இடைவெளி ஒன்றேகால் ஆண்டைச் சுலபமாகத் தாண்டிவிடும். ஏரிக்கரை, வாய்க்கால் ஓரம் என்றால் வாங்குங்கள். உங்கள் சொசைட்டியில் எருமைப் பாலுக்குத் தனி அளவையும் தனி விலையும் உண்டா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

## மாட்டை மாற்றாமல் ஊசியை மாற்றுவது

கேட்டதும் மலிவான வழியாகத் தெரியும். ஆனால் இன்று போடும் ஊசியின் பால் கேனுக்கு வர மூன்று ஆண்டுக்கு மேல் ஆகும். இதில் ஒரு பொறியும் உண்டு. உங்கள் எச்.எஃப். கலப்பில் 62.5 சதவீதம் அந்நிய ரத்தம் என்று வையுங்கள். "கொழுப்பு வேணும், ஜெர்சி போடுங்க" என்று சுத்த ஜெர்சி ஊசி போட்டால் கன்றில் 81 சதவீதம் ஆகிவிடும். கொழுப்பு ஏறும், வெயில் தாங்கும் குணம் போய்விடும். 50 சதவீத ஜெர்சி கலப்பினக் காளையின் ஊசி போட்டால் 56-ல் நிற்கும். அரசின் கொள்கை சொல்லும் 50 முதல் 62.5 சதவீத எல்லைக்குள் இருக்கும். சாகிவால் அல்லது கிர் ஊசி போட்டால் 31-க்கு இறங்கிவிடும், லிட்டரும் கூடவே இறங்கும். அந்நிய ரத்தம் ஏற்கனவே 80-க்கு மேல் போய்விட்ட மாட்டுக்கு அதுவே நல்ல மருந்து. பிரேசிலில் எச்.எஃப்.பில் ஐந்து பங்கும் கிர்ரில் மூன்று பங்கும் சேர்த்து ஜிரோலாண்டோ என்ற இனத்தையே நிலைநிறுத்தியிருக்கிறார்கள். ஊசி போடுகிறவரிடம் காளையின் பெயரையும் ரத்த அளவையும் கேளுங்கள். விந்து அடைத்த குச்சியில் எழுதியிருக்கும் எண்ணைப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். அடுத்த தலைமுறைக்கு ஊசி தேர்ந்தெடுக்க அந்த ஒரு வரி போதும்.

## வாங்கத்தான் போகிறீர்கள் என்றால்

நான் ஒரு முறை தை மாதச் சந்தையில் ஏமாந்தேன். மடி பானை மாதிரி இருந்தது, பதினான்கு லிட்டர் என்றார்கள். முந்தின நாள் சாயங்காலம் கறக்காமல் மடியைக் கட்டிவைத்திருக்கிறார்கள் என்று வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள்தான் புரிந்தது. சித்திரையில் அது எட்டு லிட்டரில் வந்து நின்றது.

அதிலிருந்து மாட்டைச் சந்தையில் வாங்குவதில்லை, அதன் கட்டுத்தரையில்தான் வாங்குகிறேன், அதுவும் சித்திரையில், மதியம் மூன்று மணிக்கு. விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுவேன். அறுபதைத் தாண்டினால் மாடு திணறுகிறது என்று அர்த்தம். எண்பது என்றால் வந்த வழியே திரும்பிவிடுவேன். அடுத்து, ஈன்று எத்தனை மாதம் என்று கேட்பேன். ஈன்று இரண்டாம் மாதத்தில் கொழுப்புச் சதவீதம் அடிமட்டத்தில் இருக்கும், வற்றப் போகும்போது தானாக ஏறும். ஒன்பதாம் மாதத்து 4.8-ஐக் காட்டி விற்பவர்கள் உண்டு. காலைப் பாலை விடச் சாயங்காலப் பாலில் கொழுப்பு கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அதனால் இரண்டு வேளையும் பார்ப்பேன். கடைசியாக, போன ஆண்டு மே மாதத்துப் பால் புத்தகத்தைக் கேட்பேன். "அது எங்கயோ கிடக்குதுங்க" என்றால், தேடி எடுக்கும்வரை அந்த நிழலிலேயே உட்கார்ந்திருப்பேன். அவருக்கும் வெயில், எனக்கும் வெயில்.